சுண்டெலியின் வைரஸ்... திருப்பதியின் மாத்திரை!

திருப்பதியில் இரண்டு மாத்திரைகள் தினமும் கைமாறுகின்றன. ஒன்று, ரூயா அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி மையத்தில் ஹெச்.ஐ.வி உள்ளவர்களுக்கு இலவசமாகத் தரப்படும் மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என மூன்று மருந்துகள் அதற்குள் இருக்கின்றன. தினமும் ஒன்று, வாழ்நாள் முழுக்க. இன்னொன்று இமாடினிப். 2022-ல் திறக்கப்பட்ட டாடா அறக்கட்டளையின் புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில், ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பது.

இரண்டு வரிசைகளிலும் தமிழ் கேட்கும். நகரி, புத்தூர், சத்தியவேடு, சித்தூர் எல்லாம் தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் புழங்கும் ஊர்கள். சொந்த ஊர் மையத்தில் தெரிந்த முகம் எதிர்ப்பட்டுவிடுமோ என்று பயந்து, பஸ் ஏறி அடுத்த ஊருக்கு வந்து ஹெச்.ஐ.வி மாத்திரை வாங்கிப் போகிறவர்கள் எல்லைக்கு இருபுறமும் உண்டு.

ஹெச்.ஐ.வி வேறு, ரத்தப் புற்றுநோய் வேறு. ஒன்று தொற்று, மற்றது தொற்றாது. ஆனாலும் இந்த இரண்டு மாத்திரைகளின் பூர்வீகத்தைத் தோண்டினால் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேருகிறோம்: சுண்டெலிகளுக்கு ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் வைரஸ்கள். அந்த வைரஸ்கள் மருந்துக்கும் ஆன்டிபாடிக்கும் எப்படி வளைந்து கொடுத்தன, எப்போது கொடுக்கவில்லை என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் மனிதனுக்கான மருந்தின் பாதை போடப்பட்டது. அந்த எலிகள் சொன்ன மிக முக்கியமான விஷயம் மருந்தின் பெயரே அல்ல, நேரம். அதைத்தான் நாம் ரொம்பத் தாமதமாகக் காதில் வாங்கினோம்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். வீட்டில் ஓடும் எலியிடமிருந்து நமக்கு ரத்தப் புற்றுநோய் வராது. குழந்தைகளுக்கு வரும் லுக்கேமியாவில் பெரும்பாலானவற்றுக்கு வைரஸ் காரணமில்லை. ஹெச்.டி.எல்.வி-1 என்ற ஒரு வைரஸ் மட்டும் மனிதர்களில் ஒரு அரிய வகை லுக்கேமியாவை உண்டாக்குகிறது. அதுவும் எலி வைரஸ் அல்ல.

ஒரு கிராம் மண்ணீரல்

1951-ல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் லுட்விக் கிராஸ் என்ற மருத்துவர் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். 'ஏ.கே.ஆர்' என்பது பிறவியிலேயே லுக்கேமியாவுக்கு ஆளாகும் எலிக்குலம். அதன் நோயுற்ற திசுக்களை அரைத்து, வடிகட்டி, செல்களை நீக்கிய சாற்றை வேறு குல எலிகளுக்குச் செலுத்தினார். வளர்ந்த எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் பிறந்த குட்டிகளுக்குச் செலுத்தியபோது நோய் வந்தது. அதே சாறு, அதே குலம், வித்தியாசம் வயது மட்டுமே. நேரத்தின் கதை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

புற்றுநோய் வைரஸால் வரும் என்று சொன்னாலே சிரித்த காலம் அது. ஸ்லோன்-கெட்டரிங் ஆய்வாளர் ஷார்லட் ஃப்ரெண்ட் 1956-ல் அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வாளர்களின் கூட்டத்தில் தன் எலி வைரஸைப் பற்றிப் பேசியபோது அரங்கம் அவரைக் கடுமையாகத் தாக்கியது. ஆனால் அவர் கண்டுபிடித்த வைரஸ் வளர்ந்த எலிகளிலேயே வேலை காட்டியது, அதுவும் வேகமாக. 1960-ல் மலோனி, 1962-ல் ராஷர் என அடுத்தடுத்து வைரஸ்கள் வந்தன. கண்டுபிடித்தவர் பெயரையே அவற்றுக்கு வைத்தார்கள்.

ஃப்ரெண்ட், ராஷர் வைரஸ்களை ஆய்வாளர்கள் இவ்வளவு விரும்பியதற்குக் காரணம் மண்ணீரல். ஆரோக்கியமான சுண்டெலியின் மண்ணீரல் சுமார் 0.1 கிராம், வயிற்றின் இடது பக்கம் சிவந்த, மெல்லிய, நாக்கு போன்ற ஒரு துண்டு. வைரஸ் ஏறிய சில வாரங்களில் அது வீங்கி ஒரு கிராமைத் தாண்டும், இன்னும் மேலேயும் போகும். வயிற்றைத் தடவினாலே கையில் தட்டுப்படும். ஆகவே மருந்து வேலை செய்கிறதா என்று அறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. எலியின் வால் ரத்தக்குழாயில் வைரஸைச் செலுத்து. ஒரு கூட்டத்துக்கு மருந்து கொடு, இன்னொரு கூட்டத்துக்குக் கொடுக்காதே. சில வாரம் கழித்து மண்ணீரலைத் தராசில் வை. அவ்வளவு நேரடியான சோதனை.

கொக்கி இல்லாத பெட்டி

1970 ஜூனில் டேவிட் பால்டிமோரும் ஹோவர்ட் டெமினும் தனித்தனியாக ஒரு நொதியை அறிவித்தார்கள். பால்டிமோர் பயன்படுத்தியது ராஷர் எலி வைரஸ். டெமின் பயன்படுத்தியது கோழி வைரஸ். டி.என்.ஏ-விலிருந்துதான் ஆர்.என்.ஏ வரும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்க, இந்த வைரஸ்கள் தங்கள் ஆர்.என்.ஏ-வை டி.என்.ஏ-வாகத் திருப்பி எழுதி, உயிரணுவின் மரபுச் சுருளுக்குள் செருகிவிடுகின்றன. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற அந்த நொதிக்கு 1975-ல் நோபல் பரிசு வந்தது. மலோனி எலி வைரஸின் நொதி இன்றும் ஆய்வகங்களில் விற்பனைப் பொருள். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரிகளில் ஆர்.டி-பி.சி.ஆர் செய்தார்களே, அதற்கான பல 'கிட்'களில் வேலை பார்த்தது இந்த எலி வைரஸ் நொதியின் வகைகள்தான்.

இந்த நொதியை நிறுத்தும் மருந்து அதற்கு ஆறு வருடம் முன்பே பிறந்து, தோல்வி என்று மூலையில் கிடந்தது. அதன் சிந்தனைக்கு ஒரு ஆந்திரக்காரரின் வேலையும் முன்னோடி. பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு, ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றம் தரும் போலிப் பொருளைச் செய்து கொடுத்தது. அந்த அமினோப்டெரினைக் கொண்டுதான் 1940-களின் இறுதியில் சிட்னி ஃபார்பர் லுக்கேமியா குழந்தைகளுக்கு முதன்முதலாகத் தற்காலிக மீட்சி தந்தார். உயிரணுவுக்குப் போலிப் பொருளைக் கொடுத்து ஏமாற்றும் அதே வழியில், 1964-ல் டெட்ராய்ட்டின் ஜெரோம் ஹார்விட்ஸ் டி.என்.ஏ-வின் ஒரு கண்ணியான தைமிடினுக்குப் போலி செய்தார். அதுதான் ஏ.இசட்.டி. ரயிலில் பெட்டிகளைக் கோத்துக்கொண்டே போகும்போது பின்பக்கக் கொக்கி இல்லாத ஒரு பெட்டி நுழைந்தால் அதற்குப் பின்னால் எதையும் மாட்ட முடியாது அல்லவா, அதுதான் இதன் வேலை. எலியின் லுக்கேமியாவில் சோதித்தார்கள். புற்று குறையவில்லை. ஹார்விட்ஸ் அதற்குக் காப்புரிமைகூட வாங்கவில்லை.

பத்து ஆண்டுகள் கழித்து, 1974-ல், ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் வுல்ஃப்ராம் ஓஸ்டர்டாக் அதே ஏ.இசட்.டி-யை ஃப்ரெண்ட் வைரஸ் உள்ள செல்களில் போட்டுப் பார்த்தார். வைரஸ் பெருகுவது நின்றது. புற்றுக்குப் பயன்படாத மருந்து, புற்றை உண்டாக்கும் வைரஸுக்குப் பயன்பட்டது. ஆர்.என்.ஏ-வை டி.என்.ஏ-வாகத் திருப்பி எழுதும் இவ்வகை வைரஸ், அதாவது ரெட்ரோவைரஸ், மனிதர்களை வாட்டுவதாக எதுவும் அப்போது அறியப்படாததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1984-ல் எய்ட்ஸுக்குக் காரணம் ரெட்ரோவைரஸ் என்று உறுதியான பிறகு, பரோஸ் வெல்கம் நிறுவனம் தன் அலமாரியில் இருந்த பொருள்களைச் சலித்தபோது முதல் சல்லடை ஹெச்.ஐ.வி அல்ல, ஃப்ரெண்ட் லுக்கேமியா வைரஸ் உள்ளிட்ட எலி வைரஸ்கள். அதில் தேறி வந்தது ஏ.இசட்.டி.

1986: வேலூரும் பாஸ்டனும்

1986 பிப்ரவரியில் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, தன் ஆசிரியர் சுனிதி சாலமன் சொன்னதன்பேரில் பாலியல் தொழிலாளர்களிடம் சேகரித்த 80-க்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளோடு ரயில் ஏறி வேலூர் சி.எம்.சி-க்குப் போனார். அதுவரை அந்த மாதிரிகளை வைத்திருந்தது அவர் வீட்டு ஃப்ரிட்ஜில். பரிசோதனையில் ஆறு மாதிரிகள், தொற்று இருப்பதைக் காட்டி, மஞ்சளாக மாறின. இந்தியாவில் ஹெச்.ஐ.வி கண்டறியப்பட்ட முதல் நிகழ்வு அது. வேலூரிலிருந்து சித்தூர் ஒரு மணி நேரப் பஸ் பயணம். சி.எம்.சி-க்கு இன்று சித்தூர் பக்கமும் ஒரு வளாகம் இருக்கிறது.

அதே ஆண்டு அக்டோபரில் 'நேச்சர்' இதழில் பாஸ்டனின் ரூத் ரூப்ரெக்ட் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. ராஷர் வைரஸ் செலுத்திய எலிகளுக்குக் குடிநீரில் ஏ.இசட்.டி கலந்து கொடுத்தார்கள். வைரஸ் ஏறிய நான்கு மணி நேரத்தில் மருந்தைத் தொடங்கியபோது ரத்தத்தில் வைரஸ் எழவில்லை, மண்ணீரல் வீங்கவில்லை. நோய் முற்றிய பிறகு தொடங்கியபோது எலிகள் கூடுதல் காலம் வாழ்ந்தன, ஆனால் குணமாகவில்லை. அடுத்த ஆண்டு இன்னொரு ஆய்வு, கர்ப்பிணி எலிக்குக் கொடுத்த ஏ.இசட்.டி நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவைக் காக்கிறது என்று காட்டியது.

சீக்கிரம் கொடுத்தால் தடுக்கலாம், தாய்க்குக் கொடுத்தால் பிள்ளையைக் காக்கலாம் என்ற இரண்டு சேதிகளும் 1987-க்குள் எலிகளிடமிருந்து கிடைத்துவிட்டன.

தாய் விஷயத்தில் ஏழு ஆண்டுகளில் மனிதச் சான்று வந்தது. 1994-ல் முடிவு வெளியான அமெரிக்க - பிரெஞ்சு ஆய்வில் ஏ.இசட்.டி பெற்ற தாய்மார்களிடமிருந்து குழந்தைகளுக்குத் தொற்று பரவியது 8.3 சதவீதம், பெறாதவர்களிடம் 25.5 சதவீதம். இன்று சித்தூர் மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணியின் விரலில் ஊசி குத்தி ஹெச்.ஐ.வி பார்ப்பதற்குப் பின்னால் இருக்கும் நியாயம் இதுதான்.

'சீக்கிரம்' என்ற முதல் சேதியின் கதை அவ்வளவு நேராகப் போகவில்லை. காரணம் அலட்சியம் மட்டுமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏ.இசட்.டி-யை அறிகுறி வருமுன்பே கொடுத்தால் நல்லதா என்று ஐரோப்பாவில் 'கன்கார்ட்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. 1994-ல் வந்த முடிவு: நீடித்த பலன் இல்லை. எலி பொய் சொல்லிவிட்டது என்று பலர் நினைத்தார்கள். எலி பொய் சொல்லவில்லை. எலியில் தொற்றிய சில மணிகளில் மருந்து. மனிதரில் தொற்றிப் பல ஆண்டுகள் கழித்து, தனி ஒரு மருந்து. ஹெச்.ஐ.வி பெருகும்போது எழுத்துப்பிழைகளை அள்ளி விடும் வைரஸ். ஒற்றை மருந்தை அது சில மாதங்களிலேயே தாண்டிவிடும். 1996-ல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் மரணங்கள் சரிந்தன.

அப்போதும் 'காத்திரு' என்பதே விதியாக இருந்தது. மருந்தின் பக்கவிளைவும் விலையும் அதற்குக் காரணங்கள். ஏ.இசட்.டி ரத்தசோகையை உண்டாக்கும். ஏற்கெனவே ரத்தசோகையுள்ள நம் ஊர்ப் பெண்களுக்கு அது கூடுதல் சுமை. விலை விஷயத்தில் இந்தியா செய்தது பெரிய காரியம். ஹைதராபாத் ஐ.ஐ.சி.டி ஆய்வகத்தில் குண்டூர்க்காரரான ஏ.வி.ராமா ராவ் தந்த தயாரிப்பு முறையைக் கொண்டு 1993-ல் சிப்லா நிறுவனம் ஏ.இசட்.டி-யை மலிவாகக் கொண்டுவந்தது. 2001-ல் மூன்று மருந்துகளையும் நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருவதாக அதே நிறுவனம் அறிவித்தது.

2004 ஏப்ரல் 1-ல் இந்திய அரசு இலவச மருந்தைத் தொடங்கியது. தமிழ்நாடும் ஆந்திராவும் முதல் பட்டியலில் இருந்த மாநிலங்கள். தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. ஆனால் ஹெச்.ஐ.வி அழிக்கும் எதிர்ப்பு அணுக்களான சி.டி-4 அணுக்கள் 200-க்குக் கீழே விழுந்தால்தான் மருந்து. வரிசையில் நின்றவரிடம், 'இன்னும் நீங்கள் போதிய அளவு நோயாளியாகவில்லை' என்று திருப்பி அனுப்பிய காலம் அது. பிறகு வரம்பு 350 ஆனது, பிறகு 500. சென்னையின் ஒய்.ஆர்.ஜி கேர் மையமும் பங்கெடுத்த ஒரு பன்னாட்டு ஆய்வு, சீக்கிரம் மருந்து எடுத்தவரிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-ல் காட்டியது. 35 நாடுகளில் நடந்த 'ஸ்டார்ட்' ஆய்வு 2015-ல், உடனே தொடங்கினால் கடும் நோயும் மரணமும் 57 சதவீதம் குறைகின்றன என்றது. 2017 ஏப்ரலில் இந்தியா எல்லா வரம்பையும் எடுத்தது: கண்டுபிடித்த உடனே மருந்து. ரூப்ரெக்டின் எலிகளிலிருந்து எண்ணினால் 31 ஆண்டுகள்.

எலிக்கு எடுபடாத மருந்துகள்

எலி வைரஸ் எல்லாவற்றுக்கும் வழிகாட்டவில்லை. எங்கே வழிகாட்டவில்லை என்று தெரிந்திருப்பது ஆய்வாளருக்கு மிகவும் அவசியம். ரூயாவில் தரும் அந்த மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். டெனோஃபோவிர் எலி லுக்கேமியா வைரஸ் குடும்பத்தையும் தடுக்கிறது. டோலுடெக்ராவிரின் இனத்தைச் சேர்ந்த ரால்டெக்ராவிரும் தடுக்கிறது. லாமிவுடின் தடுப்பதில்லை. காரணம் சுவாரசியமானது. லாமிவுடினை எதிர்க்கப் பழகும் ஹெச்.ஐ.வி, தன் நொதியின் மையத்தில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றிக்கொள்கிறது. எலி வைரஸின் நொதியில் அந்த இடத்தில் பிறவியிலேயே அதே அமினோ அமிலம்தான் இருக்கிறது! நம் நோயாளிகளுக்குப் பழக்கமான பழைய நெவிராபினும் எலி வைரஸைத் தொடாது, அது ஹெச்.ஐ.வி-1 நொதியில் உள்ள ஒரு குழிக்கென்றே வடிவானது. ஆக, எலியை மட்டும் நம்பியிருந்தால் இந்த இரண்டு மருந்துகளையும் குப்பையில் போட்டிருப்போம்.

ஆன்டிபாடி கற்றுக்கொடுத்தது

மருந்து வைரஸைத் தடுத்து நிறுத்தும். ஒளிந்துகொண்டதை வெளியேற்றாது. இங்கேதான் ஆன்டிபாடிகள் வருகின்றன.

1970-களிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் ஜெர்மனியின் டூபிங்கனில் வெர்னர் ஷேஃபர் குழுவினர், எலி வைரஸின் மேலுறையில் இருக்கும் ஒரு புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடிகளை, பிறவியிலேயே லுக்கேமியா எழுதப்பட்ட ஏ.கே.ஆர் குலக் குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறந்த உடனே கொடுத்தால் நோய் தடுக்கப்பட்டது. மரபிலேயே வைரஸைச் சுமந்து பிறந்த எலிக்குக்கூடத் தப்பிக்க ஒரு சின்னச் சாளரம் இருந்தது. அது சீக்கிரமே மூடிவிடும்.

பிரான்ஸின் மோன்பெலியே நகரில் 2000-களில் நடந்த ஆய்வுகள் இன்னும் ஒரு படி மேலே போயின. ஃப்ரெண்ட் வைரஸின் கொடிய வகை ஒன்றைப் பச்சைக்குட்டி எலிகளுக்குத் தொற்றவைத்து, உடனே ஒரே வகை ஆன்டிபாடியைக் குறுகிய காலம் மட்டும் கொடுத்தார்கள். சிகிச்சை பெறாத குட்டிகள் லுக்கேமியாவில் இறந்தன. சிகிச்சை பெற்றவை பிழைத்தன. செலுத்திய ஆன்டிபாடி உடலிலிருந்து கரைந்துபோன பிறகும் அந்த எலிகள் தாங்களே ஆன்டிபாடி உண்டாக்கிக்கொண்டிருந்தன. கொடுத்த ஆன்டிபாடி வைரஸோடு ஒட்டி, அந்தக் கூட்டை எதிர்ப்பு அணுக்களுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டது. சிகிச்சையே தடுப்பூசியாகவும் வேலை செய்தது என்று சொல்லலாம். இந்தத் துறையில் நான் படித்ததிலேயே மனதை அதிகம் ஆட்கொண்ட கண்டுபிடிப்பு இது.

ஆன்டிபாடி மட்டும் போதுமா என்றால், இல்லை. ரூப்ரெக்ட் குழு ஏ.இசட்.டி-யோடு இன்டர்ஃபெரானையும் சேர்த்துக் காத்த எலிகள், மறுபடி வைரஸ் செலுத்தியபோதும் தாக்குப்பிடித்தன. அவற்றின் எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையான டி-அணுக்களை வேறு எலிகளுக்கு மாற்றியபோது பாதுகாப்பும் கூடவே போனது. ஃப்ரெண்ட் வைரஸில் உழைத்த அமெரிக்க ஆய்வாளர்களும் இதையே கண்டார்கள்: இரண்டு வகை டி-அணுக்களும் ஆன்டிபாடியும் மூன்றும் சேர்ந்தால்தான் முழுக் காவல். ஏ.இசட்.டி - இன்டர்ஃபெரான் ஜோடி பிற்பாடு மனிதர்களுக்கே வந்தது. ஹெச்.டி.எல்.வி-1 உண்டாக்கும் லுக்கேமியாவில் அது பலன் தருவதாக 1995-ல் வெளியானது.

ஹெச்.ஐ.வி-யின் பல வகைகளையும் ஒரே பிடியில் அடக்கும் ஆன்டிபாடிகள் இப்போது மனிதர்களில் சோதிக்கப்படுகின்றன. டெல்லி எய்ம்ஸில் இந்தியக் குழந்தைகளின் ரத்தத்திலிருந்தே அப்படிப்பட்டவை பிரித்தெடுக்கப்பட்டுள்ளன. மருந்து தொடங்கும் நாளிலேயே ஆன்டிபாடியும் கொடுத்த டென்மார்க் ஆய்வில், சிலரால் பிற்பாடு மருந்தை நிறுத்தியும் வைரஸைக் கொஞ்ச காலம் அடக்கி வைக்க முடிந்தது. சிலரால்தான். எலியைவிட மனிதனில் வைரஸ் அதிகம் மாறுகிறது, அதிகம் ஒளிகிறது. இது குணமாக்கும் சிகிச்சை என்று யாராவது திருப்பதி பஸ் நிலையத்தில் நோட்டீஸ் கொடுத்தால் நம்ப வேண்டாம்.

இமாடினிப்புக்கு வருவோம்

1970-ல் ஹெர்பர்ட் ஏபல்சனும் லூயிஸ் ராப்ஸ்டைனும் எலிகளின் தைமஸ் சுரப்பியை ஸ்டீராய்டு மருந்தால் சுருக்கிவிட்டு மலோனி வைரஸைச் செலுத்தினார்கள். வழக்கமாக வரும் லுக்கேமியாவுக்குப் பதில் வேறொன்று வந்தது. வைரஸ், எலியின் மரபிலிருந்தே ஒரு ஜீனைத் திருடித் தனக்குள் வைத்துக்கொண்டிருந்தது. ஏபல்சனின் பெயரால் அது 'ஏபிஎல்'. அந்த ஜீனின் புரதம் டைரோசின் கைனேஸ் என்ற வகை நொதி என்பது பின்னர் தெரிந்தது. 1982-ல் மனிதனின் ஒன்பதாவது குரோமோசோமில் அதே ஜீன் இருப்பது கண்டறியப்பட்டது. சி.எம்.எல் எனும் நாள்பட்ட ரத்தப் புற்றில் அது இடம் பெயர்ந்து, 22-வது குரோமோசோமில் ஒட்டி, அணையாத விளக்காகிவிடுகிறது. அதை அணைக்கத்தான் இமாடினிப். 1996-ல் வெளியான ஆரம்பச் சோதனைகளில் எலி வைரஸின் ஏபிஎல் புரதத்தையும் இது அடக்கியது. 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இமாடினிப்பை நோவார்ட்டிஸ் நிறுவனம் 'கிளிவெக்' என்ற பெயரில் விற்றது; அப்போது மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்களின் மாத்திரை சுமார் 8,000 ரூபாயாக இருந்தது. காப்புரிமை விண்ணப்பத்தை 2006 ஜனவரியில் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாகப் போய், 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. நோவார்ட்டிஸ் தோற்றது. புத்தூரில் தறி ஓட்டுபவருக்கு சி.எம்.எல் வந்தால் வேலையை விடாமல் மாத்திரையோடு வாழ முடிவதில் அந்தத் தீர்ப்புக்கும் பங்கு உண்டு.

இன்னும் பாக்கி இருக்கும் வேலை, எலிகள் 1986-லேயே சொன்ன நேரக் கணக்கில்தான் இருக்கிறது. மருத்துவமனையில் ஊசி குத்திக்கொண்ட நர்ஸுக்கோ, துப்புரவுப் பணியாளருக்கோ, வல்லுறவுக்கு ஆளான பெண்ணுக்கோ, தொற்றாமல் தடுக்கும் 28 நாள் மருந்து இருக்கிறது. முதல் மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் போடுவதே உத்தமம் என்கிறது தேசிய வழிகாட்டுதல்; 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. மருந்து இலவசம். ஆனால் விபத்து நேரம் பார்த்து வருவதில்லை. ஏ.ஆர்.டி மையத்துக்கோ சாயங்காலத்தோடு வேலை நேரம் முடிந்துவிடும். சந்தேகம் இருப்பவர்கள் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் பிரசவம் பார்க்கும் ஒவ்வோர் அரசு மருத்துவமனையும் அந்த முதல் மாத்திரையை இருப்பில் வைத்திருக்க வேண்டும். அலமாரிச் சாவி இரவுப் பணியில் இருக்கும் நர்ஸின் கையில் இருக்க வேண்டும்.